விளக்கேற்றும் வீட்டில் வேதம் வாசிப்பவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதப்புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். அந்த ஆறு பேருக்குள்ளும், கணக்கில் வராமல் வெளியிலும், தன் வீட்டில் தான் மட்டுமே விசுவாசியாக இருக்கிறவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கைப்பட்ட இடத்தில் இருக்கும் பெண்கள். அவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். ஆண்கள் தங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

1. ஜெபத்துக்கு வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இடைவெளியைப் பிடியுங்கள். நாலு மணி ஜெபத்தைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். கூட்டுக் குடும்பத்தில் நாலு மணிக்கு விளக்கைப் போட்டால் மூன்று பேர் விழித்துக்கொள்வார்கள், அன்று முழுக்க அதற்கு வட்டி கட்ட வேண்டியிருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அல்லது மாடியில் துணி காயப்போடப் போகும்போது என்று கால் மணி நேரம் கிடைத்தால் போதும். தினமும் அதே நேரமாக இருக்கட்டும். வாய்விட்டு ஜெபித்தால்தான் ஜெபித்த மாதிரி இருக்கிறது என்பவர்கள் அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் உதடு மட்டுமே அசைந்தது. ஏலி என்ற ஆசாரியனே அதைப் பார்த்துவிட்டுக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். ஆசாரியனே அப்படி நினைத்தபோது, உங்கள் நாத்தனார் 'என்ன முணுமுணுக்கிறே' என்று கேட்பதில் ஒன்றுமில்லை.

2. சங்கீதம் 23, 91, 121 மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். புத்தகத்தை எடுக்க முடியாத நாட்களில், ஆஸ்பத்திரி வராந்தாவில், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும்போது அவைதான் உதவும். ஒலி வேதாகமத்தை செல்போனில் இறக்கி வைத்துக்கொண்டால் சமைக்கும்போது கேட்கலாம். இயர்போன் ஒரு காதில் மட்டும். இன்னொரு காது குக்கர் விசிலுக்கும் மாமியார் கூப்பிடுவதற்கும்.

3. முடிந்தவரை ஒளிக்காதீர்கள். சேலை அடுக்குக்குக் கீழே இருக்கும் வேதப்புத்தகம் என்றைக்காவது வெளியே வரும். வந்த அன்றைக்குக் கேள்வி மதத்தைப் பற்றி இருக்காது. 'இவ்வளவு நாள் எங்களை ஏமாற்றினாயா' என்பதாக இருக்கும். கணவரிடம் சொல்லுங்கள், நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் பார்த்து, சுருக்கமாக. சொல்லவே முடியாத வீடுகளும் இருக்கின்றன என்பது தெரியும். சிவகாசியில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டுக்குத் தெரியாமல் கிறிஸ்துவை வழிபட்ட பெண்களைப் பற்றி எலிசா கென்ட் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல, அந்த வீடுகளில் வாழாத யாருக்கும் உரிமை இல்லை.

4. உங்கள் வீட்டாரும் எதையோ இழந்திருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். நாம் நம் சிலுவையைப் பற்றியே பேசுகிறோம். மராத்தியக் கவிஞர் நாராயண் வாமன் திலக் 1895இல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் மனைவி லட்சுமிபாய்க்கு அது இடி. சில வருடங்கள் கணவரைப் பிரிந்து உறவினர் வீடுகளில் இருந்தார். திரும்பி வந்த பிறகும் ஆசாரத்தை விடவில்லை. கடைசியில் அவராகவே மனம் மாறி 1900இல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் எழுதிய 'ஸ்மிருதி சித்ரே' என்ற தன்வரலாற்றை வாசித்தால், ஒருவர் மதம் மாறும்போது மாறாமல் நிற்கிற மற்றவருக்கு என்ன நேர்கிறது என்பது தெரியும். ஊரார் கேள்வி, தங்கையின் கல்யாணம் தடைபடுமோ என்ற கவலை, கொள்ளி வைக்கிற மகன் வைப்பானா என்ற பயம் எல்லாம் உங்கள் வீட்டாருக்கும் இருக்கும். அந்தப் பயத்தை 'சத்துருவின் கிரியை' என்று பெயரிட்டு ஒதுக்குவது அநியாயம்.

5. சண்டை போடும் இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாட்டேன் என்று நிற்க வேண்டிய காரியங்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். பொட்டும் பூவும் அவற்றில் ஒன்றா என்று நன்றாக யோசியுங்கள். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கக் குடும்பங்களில் பொட்டு வைக்கிறவர்களும் உண்டு, வைக்காதவர்களும் உண்டு. பல பெந்தெகொஸ்தே சபைகள் நகையே வேண்டாம் என்கின்றன. சபைக்குச் சபை மாறுகிற ஒன்றை வைத்து வீட்டில் போர் நடத்த வேண்டுமா? வெறும் நெற்றியோடு, பூவில்லாமல் வந்து நிற்கும் மருமகளைப் பார்த்து மாமியார் பதறுகிறார் என்றால், அந்தப் பதற்றம் உங்கள் இயேசுவைப் பற்றியதல்ல. தன் மகனின் ஆயுளைப் பற்றியது. மனசாட்சி உண்மையிலேயே இடங்கொடுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஆனால் அந்தப் பதற்றத்துக்குப் பதில் சொல்லிவிட்டு விடுங்கள். கோலம் போடுவதில் எனக்கு ஒரு தடையும் தெரியவில்லை. வாசல் தெளித்து நாலு புள்ளி வைப்பதால் யாருடைய விசுவாசமும் கரைந்ததில்லை. விளக்கேற்றுவது வேறு விஷயம். ஏற்ற மாட்டேன் என்றால், வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும் வேலை முழுவதையும் நீங்கள் எடுத்துக்கொண்டு, விளக்கை நாத்தனார் ஏற்றட்டும் என்று விட்டுவிடுங்கள். வேலைக்குப் பயந்து ஒதுங்குகிறாள் என்ற பேச்சு மட்டும் வரவே கூடாது.

6. பிரசாதம், படையல் பற்றி 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை உட்கார்ந்து முழுதாக வாசியுங்கள். ஒரே வசனத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். கொரிந்துப் பட்டணத்துக் கிறிஸ்தவர்கள் இருந்த நிலை கிட்டத்தட்ட உங்கள் நிலைதான். சந்தை இறைச்சி, விருந்து வீடு, கோயில் பந்தி என்று மூன்றையும் பவுல் தனித்தனியாகவே பேசுகிறார். சந்தையில் வாங்கியதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடச் சொல்கிறார். விருந்து வீட்டில் வைத்ததைச் சாப்பிடச் சொல்லி, இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவர் பொருட்டு விட்டுவிடச் சொல்கிறார். கோயில் பந்தியில் உட்காருவதை வேண்டாம் என்கிறார். இதை வைத்து உங்கள் வீட்டுக்கு ஒரு முடிவு எடுங்கள், எடுத்ததை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். வேண்டாம் என்கிறபோது முகஞ்சுளிக்காமல், கையைத் தட்டிவிடாமல், 'இருக்கட்டும் அத்தை' என்று சொன்னால் போதும். திவசத்துக்குச் சமைப்பதும் திவசம் கொடுப்பதும் ஒன்றல்ல. இருபது பேருக்கு உலை வைப்பது உங்கள் கை பார்க்கிற வேலை, அதைச் செய்யுங்கள்.

7. மாமியாருக்கு முழங்கால் வலி, கோயில் படி ஏறக் கைபிடிக்க ஆள் வேண்டும். போகலாமா? 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் சீரியத் தளபதி நாகமான் ஏறக்குறைய இதையே எலிசா தீர்க்கதரிசியிடம் கேட்கிறான். தன் ராஜா தன் கையைப் பிடித்துக்கொண்டு ரிம்மோன் கோயிலுக்குள் பணியும்போது தானும் குனிய வேண்டிவருமே, அதற்கு மன்னிப்பு உண்டா என்கிறான். எலிசா அவனைத் திட்டவில்லை, சமாதானத்தோடு அனுப்பிவைக்கிறார். என் முடிவு: போங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டு வெளியே நில்லுங்கள். இதை ஒப்புக்கொள்ளாத போதகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம், அந்த அம்மாவை யார் கூட்டிப்போவது என்று கேளுங்கள்.

8. உபவாசத்தைத் தைரியமாகச் சொல்லுங்கள். நம்முடைய காரியங்களில் இந்து வீடுகளுக்கு விளக்கமே இல்லாமல் புரிவது இது ஒன்றுதான். சஷ்டிக்கும் கார்த்திகைக்கும் விரதம் இருந்து பழகிய மாமியார், லெந்து நாட்களில் நீங்கள் கறி வேண்டாம் என்றால், 'அவளுக்கு விரதம்' என்று தனியாக ரசம் எடுத்து வைப்பார்.

9. அவர்கள் தொடாததை அவர்கள் அடுப்பில் வைக்காதீர்கள். மாட்டுக்கறி சாப்பிட உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டியில்தான் நாளை அவர்கள் குழம்பு கொதிக்க வேண்டும். கிறிஸ்துமஸ் கேக்கில் முட்டை சேராத ஒன்றையும் செய்யுங்கள். தீபாவளிக்கு நீங்கள் முறுக்குப் பிழிந்திருந்தால், டிசம்பரில் நட்சத்திரம் கட்ட மைத்துனன் தானாக ஏணி எடுத்து வருவான்.

10. வாக்குவாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். இந்தக் குறிப்பை நான் மோனிக்காவிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். நாலாம் நூற்றாண்டில், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தகஸ்தே ஊரில் வாழ்ந்தவர். கணவர் பத்ரீசியுஸ் கிறிஸ்தவரல்ல, முன்கோபி வேறு. மாமியாரோ வேலைக்காரிகளின் கோள் கேட்டு மருமகள் மேல் கசந்திருந்தார். கணவர் கோபத்தில் இருக்கும்போது மோனிக்கா எதிர்த்துப் பேசுவதில்லை, கோபம் ஆறிய பிறகு தன் பக்கத்தைச் சொல்வார் என்று அவர் மகன் அகுஸ்தீன் எழுதியிருக்கிறார். மாமியார் மனம் மாறியதும் பொறுமையான நடத்தையால்தான். பத்ரீசியுஸ் சாவதற்குக் கொஞ்ச காலம் முன்பு கிறிஸ்தவரானார்.

மகன் கதை இன்னும் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. படித்த பையன், அம்மாவின் விசுவாசத்தை விட்டு மானி மதத்துக்குப் போனவன். இவனோடு வாதாடி வழிக்குக் கொண்டுவாருங்கள் என்று மோனிக்கா ஒரு பிஷப்பைக் கெஞ்சினார். அவர் மறுத்துவிட்டார். இப்போது அவன் கேட்கும் நிலையில் இல்லை, விட்டுவிடு, ஜெபம் செய், படித்துப் படித்து அவனே தெரிந்துகொள்வான் என்றார். அந்தப் பிஷப்பும் சின்ன வயதில் அதே மானி மதத்தில் வளர்ந்து வெளியே வந்தவர்தான். அகுஸ்தீன் 387இல் மிலானில் ஞானஸ்நானம் பெற்றார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, காலேஜ் போனதும் கடவுள் இல்லை என்று சொல்கிற மகனை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் அந்தப் பிஷப்பின் பதிலைக் கவனியுங்கள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பிரசங்கம் வேண்டாம். அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.

11. வீட்டுக் குறையை ஜெபக்குறிப்பாக்கி ஊருக்கு அனுப்பாதீர்கள். 'என் கணவர் குடிப்பழக்கத்திலிருந்து விடுதலையாக' என்று நூற்றைம்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அது மறுநாளே அவர் பெரியப்பா மகன் கைக்குப் போய்ச் சேரும். சாட்சி சொல்ல மேடை ஏறும்போதும் இதே எச்சரிக்கை. இப்போது ஆராதனையெல்லாம் யூடியூபில் ஓடுகிறது. 'நான் பிசாசின் வீட்டில் வாழ்கிறேன்' என்று நீங்கள் சொல்கிற வீட்டில்தான் அன்று மத்தியானம் உங்களுக்குச் சோறு எடுத்து வைத்திருப்பார்கள். சாட்சியில் உங்கள் பாவத்தைச் சொல்லுங்கள், அவர்களுடையதைச் சொல்லாதீர்கள். நம்பிக்கையான ஒரே ஒரு அக்காவிடம் மனதைக் கொட்டுவது போதும். குடும்பக் குழுவுக்குத் தினசரி வசனப் படம் அனுப்புவதையும் நிறுத்துங்கள். யாரும் வாசிப்பதில்லை.

12. காணிக்கை உங்கள் சம்பாத்தியத்திலிருந்து மட்டும். அரிசி வாங்கக் கொடுத்த பணத்தில் தசமபாகம் எடுப்பது திருட்டு. சம்பாத்தியம் இல்லாதவர்களிடம் தேவன் பத்தில் ஒன்று கேட்கவில்லை. மாற்கு 7இல் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தப்பிக்கிறவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசுகிறார் என்று வாசித்துப் பாருங்கள். நகையை அடகு வைத்து 'விசுவாச விதை' போடச் சொல்கிற ஊழியக்காரர் வாசலில் நின்றால், கதவைச் சாத்தலாம்.

13. ஜெப எண்ணெயை யாருக்கும் தெரியாமல் சாம்பாரில் ஊற்றுகிறவர்கள் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். செய்யாதீர்கள். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் காபியில் திருநீறு போட்டால் எப்படி இருக்கும்? மாமனாருக்காக ஜெபிக்கலாம், அவர் சம்மதித்தால் பக்கத்தில் உட்கார்ந்தே ஜெபிக்கலாம். சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்துவிட்டு ஜெபியுங்கள்.

14. பிள்ளைகளைப் பொய் சொல்லப் பழக்காதீர்கள். 'சர்ச்சுக்குப் போனோம்னு அப்பாகிட்ட சொல்லாதே' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை விசுவாசத்தையும் பொய்யையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். பிள்ளைகள் விஷயத்தைக் கணவரோடு உட்கார்ந்து பேசி, அவர் எதற்குச் சம்மதிக்கிறாரோ அதிலிருந்து தொடங்குங்கள். ஞாயிறு பள்ளிக்குச் சம்மதிக்காதவர் படுக்கும்போது கதை சொல்வதற்குச் சம்மதிக்கலாம். தாவீது, யோசேப்பு, தானியேல் கதைகளுக்கு எந்த அப்பாவும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். விசுவாசம் அவனுக்குத் தாய் ஐனிக்கேயாளிடமும் பாட்டி லோவிசாளிடமும் இருந்து வந்தது. மொட்டை, காதுகுத்து என்று வரும்போது, முடியும் காதும் பெரிய விஷயமில்லை என்று என் எண்ணம். குலதெய்வப் பூசையில் பிள்ளை நிற்பது பற்றி மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குப் பந்தலில் வைத்துப் பேசாதீர்கள்.

15. ஞானஸ்நானத்துக்கு முன்னால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இதைச் சொல்லிக்கொடுக்கிற ஞானஸ்நான வகுப்பை நான் பார்த்ததில்லை. இந்து முறைப்படி திருமணமானவர் மதம் மாறினால் திருமணம் தானாக முறிவதில்லை. ஆனால் இந்துத் திருமணச் சட்டம் 1955இன் 13ஆம் பிரிவின்படி மற்றவர் அதைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்க முடியும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன் கீழ் மாறியவரின் சொந்தப் பங்கு போகாது. மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகள், வாரிசுரிமை எழும் நேரத்தில் தாங்களும் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாவதற்கு 26ஆம் பிரிவு தடை போடுகிறது. பட்டியல் சாதித் தகுதி 1950 ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே. கிறிஸ்தவராக மாறியவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். ஞானஸ்நானம் எடுத்தும் சாதி ஒட்டிக்கொண்டுதான் வருகிறது, சலுகை மட்டும் நின்றுவிடுகிறது என்பது என் கோபம். ஆனாலும் தெரிந்து எடுக்கிற முடிவும் தெரியாமல் எடுக்கிற முடிவும் ஒன்றல்ல. ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள்.

16. அடி வாங்குவது சிலுவை சுமப்பது ஆகாது. 1 கொரிந்தியர் 7இல் பவுல், கூட வாழச் சம்மதிக்கிற துணையைத் தள்ளிவிட வேண்டாம் என்கிறார். உதைக்கிறவனோடு இருந்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. அதே இடத்தில் சமாதானமாக இருக்கவே அழைக்கப்பட்டோம் என்றும் எழுதுகிறார். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 எல்லா மதப் பெண்களுக்கும் பொருந்தும். பெண்களுக்கான உதவி எண் 181. 'பொறுமையாயிரு, ஜெபி' என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்புகிற போதகரை இந்த விஷயத்தில் கேட்காதீர்கள்.

17. உங்கள் அடக்கத்தைப் பற்றி இப்போதே சொல்லிவையுங்கள். சபைக் கல்லறையில் இடம் வேண்டுமானால் பெரும்பாலும் சபை அங்கத்தினராக இருக்க வேண்டும், சந்தா பாக்கி இருக்கக்கூடாது. விருப்பத்தை ஒரு தாளில் எழுதி கையெழுத்துப் போட்டு ஒன்றை வீட்டிலும் ஒன்றைப் போதகரிடமும் கொடுங்கள். வீட்டார் எரித்தால் எரித்துவிட்டுப் போகட்டும், அதற்காக உயிர்த்தெழுதல் நின்றுவிடாது என்று உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். உடம்பை நடுவீட்டில் வைத்துக்கொண்டு இரண்டு கூட்டம் சண்டை போடுவதைவிட அது மேல்.

18. கடைசியாகச் சபைக்காரர்களுக்கு. உங்கள் சபைக்குத் தனியாக வரும் அந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியும், பின்வரிசையில் வாசலோரமாக உட்காருவார். 'புருஷனை எப்போ கூட்டிட்டு வரப்போறே' என்று அவரை வாரா வாரம் கேட்காதீர்கள். முன்னறிவிப்பில்லாமல் பத்துப் பேர் அவர் வீட்டுக்கு ஜெபிக்கப் போகாதீர்கள். ஆராதனை ஒன்பதரைக்கு முடியும் என்று பலகையில் எழுதியிருந்தால் ஒன்பதரைக்கு முடியுங்கள். வீட்டில் அவர் சொல்லிவிட்டு வந்த நேரம் அது.